அருமையும் சிறப்பும்: தொடக்கக்காலத் தமிழ்ப் பேசும்படங்களில் நாடகக் கூறு

அருமை என்னும் சொல் தமிழில் இரு பொருள் தருவது. எளிதிற் கிடையாமை ஒன்று, உயர்வுடைமை மற்றொன்று. ‘அரிய நூல்’ என்று ஒருவர் கூறுமிடத்து, அந்நூல் கிடைத்தற்கு அரியது என்கின்றாரா, கற்றற்கு இனியது என்கின்றாரா என்பது இடம் நோக்கியே துணியப்படும். பேச்சு வழக்கில் இக்கலப்பால் இடர் ஒன்றும் இல்லை. திறனாய்விலோ இடர் பெரிது. 1931 முதல் ஏறத்தாழ 1942 வரை வெளிவந்த தமிழ்ப் பேசும்படங்களைப் பற்றி எழுதுவாரிடத்து இதனை மிகுதியாகக் காண்கின்றோம். கிடைத்தற்கரியன என்ற ஒன்றே பற்றி அவற்றை உயர்ந்தன என்பர் ஒரு சாரார். மற்றொரு சாரார், பிற்காலப் படங்களைக் கண்டு பழகிய கண்ணால் நோக்கி, ‘நாடகத்தைப் படம்பிடித்து வைத்தனர், வேறொன்றும் இல்லை’ என ஒதுக்குவர். முன்னவர் கூற்றில் ஆராய்ச்சிக்கே இடம் இல்லை. பின்னவர் கூற்று பெரும்பான்மையும் உண்மையே. ஆயினும், நாடகத்தைப் படம்பிடித்தனர் என்றால் எந்நாடகத்தை, எவ்வகையால், எவ்விடத்து வெற்றியுறப் பிடித்தனர் என்னும் வினாக்கள் அதன்பின் எழவேண்டும். அவற்றை எழுப்பிப் பார்ப்பதே ஈண்டு எம் கருத்து.

முதற்கண் இழப்பின் அளவை உணர்தல் வேண்டும். தமிழின் முதற் பேசும்படம் எனப்படும் ‘காளிதாஸ்’ 1931ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 31ஆம் நாள் சென்னையில் திரையிடப்பெற்றது. எச். எம். ரெட்டி இயக்கிய அப்படம் பம்பாயில் அர்தேஷிர் இரானியின் இம்பீரியல் நிறுவனத்தாரால் எடுக்கப்பெற்றது. தலைவியாக நடித்த டி. பி. இராசலட்சுமி தமிழிற் பேசத் தலைவன் தெலுங்கிற் பேசினான் என்ப. ஒருவர் மொழியில் வினவ மற்றொருவர் வேறு மொழியில் விடை கூறும் காட்சி இன்று நமக்கு நகை விளைப்பினும், அன்றைய அவையோர் அதனை ஏற்று மகிழ்ந்தனர். அவர் எவ்வாறு ஏற்றனர், அக்காட்சி எவ்வாறு நடந்தது என்பவற்றைக் கண்டறிய வழியில்லை; அப்படத்தின் படி ஒன்றும் எஞ்சவில்லை.

தமிழ் பயில்வார்க்கு இந்நிலை புதிதன்று. அடியார்க்கு நல்லார் தம் உரைப்பாயிரத்தில் முறுவல், சயந்தம், குணநூல், செயிற்றியம் என்னும் நாடகத்தமிழ் நூல்களைச் சுட்டுகின்றார். அவற்றை நாம் பெயரளவில் அறிவோம். ஆயினும் நாடகத்தமிழ் வரலாற்றில் அவற்றுக்கு இடம் தர மறுப்பதில்லை. ஓலைச்சுவடியைச் செல்லும் நீரும் அழித்தன எனின், படச்சுருளை அதன் பொருளே அழித்தது. 1950களின் தொடக்கம் வரை பெரிதும் பயன்பட்ட நைட்ரேட் சுருள் எளிதில் தீப்பற்றும் இயல்பினது. வெப்ப நாட்டில் காவலின்றிக் கிடப்பின் தானே நெகிழ்ந்து பிசுபிசுத்துத் தூளாகும். ஓடி முடிந்த படத்துக்கு வணிக மதிப்பு இல்லாத அந்நாளில், சுருளிற் படிந்த வெள்ளியைப் பிரித்தெடுக்க விற்றவரும் உளர். நாட்டளவில் திரைப்படங்களைப் பேணும் ஆவணக் காப்பகம் புனேயில் நிறுவப்பெற்றது 1964இல். அதற்குள் முதற் பேசும்படம் தோன்றி 33 ஆண்டுகள் கழிந்துவிட்டன. அங்குச் சேர்ந்தனவும் முற்றும் தப்பவில்லை. 2003இல் நேர்ந்த தீயில் நைட்ரேட் சுருள்கள் பல எரிந்தன.

இழந்த படங்களுக்கு ஈடாக எஞ்சியவை எவை? திரையரங்கு வாயிலில் விற்ற பாட்டுப் புத்தகங்கள் சில, இசைத்தட்டுகள் சில, இதழ்களில் வந்த விளம்பரமும் மதிப்புரையும் நிழற்படமும் சில. சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களில் பாட்டுப் புத்தகங்களைத் தொகுத்து வைத்துள்ளமை பெரும்பேறு. ஆயின் அவற்றின் இயல்பை ஆராய்வோர் மறத்தலாகாது. பாட்டுப் புத்தகம் நடிகர் பெயரும் கதைச் சுருக்கமும் பாடலும் தருவது, உரையாடலைத் தாராது. இசைத்தட்டோ பக்கத்துக்கு மூன்று நிமிட அளவினது. நாடகங்களைச் சுருக்கிப் பல தட்டுகளில் பதித்துத் தொகுதியாக விற்றதும் உண்டெனினும், அத்தட்டுகளுட் பெரும்பாலான பாட்டையே தாங்கின. எனவே தொடக்கக்காலப் பேசும்படங்களிற் ‘பேசும்’ பகுதியே பெரிதும் அழிந்தது. பாடும் பகுதி ஓரளவு வாழ்ந்தது. அப்படங்கள் பாட்டு மயமானவை என்று நாம் எண்ணுவதற்கு அவற்றின் இயல்பு ஒரு காரணம். எஞ்சிய சான்றுகளின் இயல்பு மற்றொரு காரணம் என்பதையும் உடன் கொள்ளல் வேண்டும்.

பாட்டு மிக்கிருந்தமை பொய்யன்று. கே. சுப்பிரமணியம் இயக்கி, எம். கே. தியாகராச பாகவதரும் எஸ். டி. சுப்புலட்சுமியும் நடித்து 1934இல் வெளிவந்த ‘பவளக்கொடி’யில் ஐம்பதளவு பாடல்கள் இருந்தன என்பர். அது சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகமரபில் வந்தது. சுவாமிகள் 1922இல் மறைந்தார். பாய்ஸ் கம்பெனி என வழங்கிய பாலர் நாடகக் குழுக்களில் அவர் பயிற்றிய பாடமும் பாடல்முறையும் அவருக்குப்பின் மேடையில் வாழ்ந்தன. அவர் நாடகங்கள் நூலாகக் கிடைக்கின்றன. ஆயின் நடித்தவர் எவ்விடத்து மூச்சுவிட்டனர், பாட்டிலிருந்து பேச்சுக்கு எங்ஙனம் இறங்கினர், ஒரு சொல்லை எத்துணை நேரம் நீட்டினர் என்பவற்றை ஏடு சொல்லாது. அம்மேடையிற் பயின்ற குரல்கள் ஒலிச்சுருளில் ஏறியிருக்கின்றன என்பதே எஞ்சிய படங்களை நாடகத்தமிழ் ஆராய்வார்க்கு உரியனவாக்குகின்றது. மறுபுறம், பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் நிறுவிய சுகுணவிலாச சபையின் உரைநடை நாடகமரபும் திரைக்கு வந்தது. அவருடைய ‘மனோகரா’ 1936இல் படமாயிற்று. அதில் அவரே நடித்தார். 1954இல் அந்நாடகம் மு. கருணாநிதியின் உரையாடலோடு மீண்டும் படமாயிற்று. பின்னதனை இன்று எளிதிற் காணலாம், முன்னது அவ்வாறன்று. ஒரே நாடகத்தின் பேச்சு 18 ஆண்டுகளில் எவ்வாறு மாறியது என்பதை நேருக்கு நேர் வைத்து எழுதும் வாய்ப்பு இதனால் நமக்குக் குறைந்தது.

இனி, ‘படம்பிடித்த நாடகம்’ என்னும் குற்றச்சாட்டுக்கு வருவோம். அக்காலத்து ஒலிப்பதிவு நிலையை அறியாதார் இதனை இயக்குநரின் அறியாமைமேல் ஏற்றுவர். பாட்டை முன்னரே பதிந்து பின்னர் வாயசைக்கும் முறை தமிழில் 1938இல் வந்த ‘நந்தகுமா’ருக்குப் பின்னரே பரவிற்று. அதற்கு முன் நடிப்பவரே பாடவும் வேண்டும். பாடும்போதே படம் எடுக்கவும் வேண்டும். இசைக்குழுவினர் படக்கருவியின் கண்ணுக்குத் தப்பி, ஒலிவாங்கியின் காதுக்குத் தப்பாமல் அமர்ந்து வாசிப்பர். ஒலிவாங்கியை விட்டு இரண்டடி விலகின் குரல் தேயும். ஆகலின் நடிகர் நின்ற இடத்தில் நின்றார். படக்கருவியும் அவர்க்கு எதிரே, அரங்கின் முன்வரிசையில் அமர்ந்தார் காணும் தொலைவில், நின்றது. மேடையிற் பழகிய நடிகர்க்கு இது துன்பமும் ஆகவில்லை. இடம்பெயராது நின்று அவையை நோக்கிப் பேசுதல் அவர் கற்ற கல்வியே ஆகும்.

இங்ஙனம் நின்று பேசுதல் எல்லாக் காட்சிகட்கும் ஒவ்வாது. வழி நடக்கும் காட்சியிலும், காதலர் தனித்திருக்கும் காட்சியிலும், இல்லத்துள் ஒருவர் தமக்குள் வருந்தும் காட்சியிலும், பார்வையாளரை நோக்கி நிமிர்ந்து நின்று உரத்த குரலில் பேசும்போது நமக்கு ஏதோ முரண் தோன்றுகின்றது. தொல்காப்பியர் பிரித்துரைக்கும் நாடக வழக்கும் உலகியல் வழக்கும் அவ்விடங்களிற் கூடாமல் நிற்கின்றன. இத்தகைய இடங்களையும் ‘அக்காலத்து இயல்பு’ என்று கூறிப் புகழ்வார் உளர். எமக்கு அஃது உடன்பாடு அன்று. அக்காலத்து இயல்பு என்பது காரணம் கூறுமேயன்றிச் சிறப்புக் கூறாது. ஒருபுறம் இது நிற்க, வேறு சில காட்சிகளில் அதே அசைவின்மை, அதே உரத்த பேச்சு, அதே நேர்முக நோக்கு சிறிதும் உறுத்தாமல் பொருந்தி நிற்பதைப் பலமுறை கண்டு, அதற்குக் காரணம் யாதென எண்ணலானோம். அவையெல்லாம் அவைக்களக் காட்சிகள். நீதிமன்றம், அரசவை, வகுப்பறை, புலவர் கூடிய மன்றம் ஆகிய இடங்களில் மாந்தர் உலகியலிலேயே நின்ற நிலையில், பலர் கேட்க, உரத்துப் பேசுவர். அங்கு உலகியல் வழக்கே நாடக வழக்கை ஒத்துவிடுகின்றது. ஒலிவாங்கி விதித்த கட்டு, கதை விதித்த கட்டாக மாறிவிடுகின்றது.

‘தியாகபூமி’யின் நீதிமன்றக் காட்சியை இதற்குத் தலையாய எடுத்துக்காட்டாகக் கொள்வோம். 1939இல் வெளிவந்த இப்படத்தின் கதை கல்கியுடையது. படம் உருவாகும் காலத்தே கதை ஆனந்த விகடனில் படத்தின் நிழற்படங்களோடு தொடர்ந்து வந்தது. பின்னர் ஆங்கில அரசு இதனைத் தடைசெய்தது. தடைபெற்ற படம் என்பதாலேயே இதனைப் போற்றுவார் பலர். அரசியற் காட்சிகளை எடுத்துக்காட்டி எழுதுவாரும் பலர். எமக்கோ இப்படத்தின் உயிர்நிலை அரசியற் காட்சிகளில் இல்லை. சாவித்திரி வழக்காடும் இடத்திலேயே உள்ளது.

கதை அறிந்ததே. சம்பு சாஸ்திரியின் மகள் சாவித்திரி, மேனாட்டு நாகரிகத்தில் மயங்கிய கணவன் ஸ்ரீதரனால் புறக்கணிக்கப்படுகின்றாள். தன் குழந்தையைத் தந்தையின் பொறுப்பில் விட்டகன்று, காலம் மாறிச் செல்வம் எய்தி, உமாராணி என்னும் பெயரோடு திரும்புகின்றாள். செல்வத்தைக் கண்ட கணவன், மனைவி தன்னோடு வந்து வாழவேண்டும் என வழக்குத் தொடுக்கின்றான். அவளோ வாழ மறுத்து, வேண்டுமாயின் அவனுக்குத் தானே ஜீவனாம்சம் தர ஒருப்படுகின்றாள்.

ஜீவனாம்சம் என்னும் சொல்லை எண்ணிப் பார்க்க வேண்டும். கைவிடப்பட்ட மனைவிக்குக் கணவன் அளிப்பது என்றே வழங்கிவந்த சொல் அது. அச்சொல்லில் எழுவாயும் கொடைப்பொருள் பெறுவாரும் இடம் மாறியவுடன் மன்றத்தின் முழு ஒழுங்கும் மாறுகின்றது. இதற்கு உடலசைவு வேண்டியதில்லை. படக்கருவி நெருங்கி வந்து முகத்தைக் காட்டவும் வேண்டியதில்லை. சொல்லின் பொருள் திரும்புவதே காட்சியின் அசைவு. மேலும், மன்றத்துள் அமர்ந்து கேட்கும் மக்கள் திரையரங்கில் அமர்ந்து கேட்கும் மக்களுக்கு முன்னிலையாகின்றனர். அவள் நீதிபதியை நோக்கிப் பேசுகின்றாள். நம்மை நோக்கியே பேசுவதாக நாம் உணர்கின்றோம். மேடை நாடகத்துக்கு உரிய இவ்வியல்பை உடைத்தெறியாமல் அப்படியே பயன்கொண்டமை இயக்குநரின் திறம். சுப்பிரமணியம் சட்டம் பயின்றவர் என்பதையும் நினைவிற் கொள்க. மன்றத்தில் யார் எப்போது பேசலாம், எப்போது வாய் திறத்தலாகாது என்னும் முறையை அவர் அறிவார். காட்சியின் கட்டுக்கோப்பில் அவ்வறிவு தெரிகின்றது.

இதற்கு மாறான நடிப்பையும் இப்படத்திலேயே காணலாம். சம்பு சாஸ்திரியாக வரும் பாபநாசம் சிவன் பாடலாசிரியர், இசைவல்லார். நாடகக் குழுவில் வளர்ந்தவர் அல்லர். அவர் பேச்சில் மேடைக்குரல் இல்லை. தஞ்சை மாவட்டத்து அந்தணர் இல்லப் பேச்சுநடை தன் இயல்பான ஏற்ற இறக்கத்தோடு அவரிடம் வருகின்றது. சில இடங்களில் அவர் நடிக்கவே இல்லையோ என ஐயுறுகின்றோம். அவர்க்கு எதிரே மேடைப் பயிற்சியுடையார் பேசும்போது இரு வேறு தமிழ் ஒரே காட்சியில் நிற்கின்றன. இதனைக் குறை என்று கூறின் மறுப்பதற்கில்லை. ஆயினும் 1939இல் ஒரு கிராமத்துப் பெரியவர் எவ்வாறு பேசினார் என்பதற்கு இஃது ஒரு செவிச்சான்று ஆதலின், மொழியாராய்ச்சி செய்வார் இதனை விடுதல் கூடாது.

அவைக்களத்தின் மற்றொரு வகையை 1941இல் ஏ. வி. மெய்யப்பன் எடுத்த ‘சபாபதி’யிற் காண்கின்றோம். சம்பந்த முதலியாரின் நகை நாடகம் இதற்கு மூலம். செல்வர் வீட்டு மகன் சபாபதி முதலியாராக டி. ஆர். இராமச்சந்திரனும், அதே பெயருடைய ஏவலாளாகக் காளி என். இரத்தினமும் நடித்தனர். வகுப்பறையில் கே. சாரங்கபாணி தமிழாசிரியராக வருகின்றார். மாணவர் அவரைப் படுத்தும் பாட்டைக் கண்டு அவையோர் சிரிக்கும்போது, தமிழ்த் துறையிற் பணியாற்றும் நமக்குச் சிரிப்போடு வேறொன்றும் சிறிது கலந்தே வரும். ஆங்கில ஆசிரியர்க்கு ஒரு மதிப்பும் தமிழாசிரியர்க்கு ஒரு மதிப்பும் இருந்த காலத்தின் உண்மை அந்நகைக்கு அடியில் உள்ளது. நூல்களில் எழுதப்பட்ட தமிழாசிரியர் நிலை ஒருபுறம் இருக்க, அவர் வகுப்புக்குள் நுழைந்து நின்ற நிலையையும் மாணவரை அடக்க முயன்று தோற்ற குரலையும் இப்படம் தாங்கியிருக்கின்றது.

இவ்விரு சபாபதிகளின் நகையையும் ஒன்றென்று கொள்ளல் தவறு. நகைக்குத் தொல்காப்பியர் கூறும் நிலைக்களன் நான்கனுள் பேதைமையும் மடமும் வெவ்வேறு. பேராசிரியர் உரை இவ்வேறுபாட்டை நன்கு விளக்குகின்றது: அறியாமை பேதைமை, பிறர் சொல்லியதை அப்படியே பற்றிக்கொண்டு விடாமை மடம். தலைவனாகிய சபாபதி பேதை. படிப்பும் உலகமும் அவனுக்கு விளங்கவில்லை. ஏவலாளாகிய சபாபதியோ சொன்ன சொல்லை எழுத்துப் பிசகாமல் கொள்பவன். ஏவியவன் கருதிய பொருளை விட்டு, ஏவிய சொல்லின் பொருளைச் செய்து முடிப்பவன். எனவே முன்னவன் நகை முகத்தில் விளைகின்றது; பின்னவன் நகை மொழியில் விளைகின்றது. இராமச்சந்திரனின் அகன்ற கண்கள் இயக்குநருக்கு உதவியமையும், இரத்தினத்தின் காட்சிகளில் படக்கருவி அசையாது நின்றாலும் நகை சிறிதும் குறையாமையும் இதனாலேயாம். நாடகமேடையில் பின்வரிசையில் இருந்தார்க்கு முதலாமவன் கண் தெரிந்திராது; ஏவலாளின் விடையோ அவர்க்கும் கேட்டிருக்கும். ஒரே படத்தில் திரைக்குரிய நகையும் மேடைக்குரிய நகையும் தலைவன், ஏவலாள் என இருவராக நிற்பதை இங்ஙனம் பிரித்து நயத்தல் கூடும்.

அவைக்களக் காட்சி எல்லாம் வெற்றி பெறும் என்பது எம் கருத்தன்று. 1942இல் ஆர். எஸ். மணி இயக்கி, பி. யு. சின்னப்பாவும் பி. கண்ணாம்பாவும் நடித்த ‘கண்ணகி’யை இங்கு ஆராய்தல் வேண்டும். இளங்கோவன் எழுதிய உரையாடல் அந்நாளிற் பெரும்புகழ் பெற்றது. திரையில் இலக்கிய உரைநடையை நிலைநிறுத்தியவர் அவரே. 1937இல் வந்த ‘அம்பிகாபதி’யிலேயே இதனைத் தொடங்கிவிட்டார். அப்படத்தை இயக்கிய எல்லிஸ் ஆர். டங்கன் தமிழறியாத அமெரிக்கர். காதற் காட்சிகளைச் செவியால் அளக்க இயலாமையின் கண்ணால் அளந்தார் போலும். மேலே யாம் குறையென்று கூறியவற்றுள் ஒன்று அவரிடத்துக் குறைந்து காணப்படுகின்றது. ‘கண்ணகி’யில் அத்தகைய வெளியார் கண் இல்லை. சொல்லே ஆட்சி செய்கின்றது. தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட கண்ணாம்பா இளங்கோவனின் தமிழை ஒலித்த திறம் வியக்கத்தக்கது; எழுத்து ஒவ்வொன்றும் தெளிவாக விழுகின்றது. ஆயினும் பாண்டியன் அவையில் நிகழும் வழக்கைக் காணும்போது நெஞ்சில் நிறைவு தோன்றவில்லை. சிலப்பதிகாரத்து வழக்குரை காதை அளவிற் சிறியது. வாயிலோன் வாய்மொழியும், அரசன் வினாவும், அவள் விடையும், சிலம்பு உடைதலும் விரைந்து முடிகின்றன. மணி சிதறியபின் அரசன் பேசுவதும் மிகச் சிறிது, உயிர் நீங்குகின்றது. காப்பியத்தில் சொல் குறையக் குறையத் தீர்ப்பு நெருங்குகின்றது. படத்திலோ சொல் பெருகுகின்றது. அவளது சினம் அடுக்குத் தொடராகி, அடுக்குத் தொடர் கைதட்டலுக்குரியதாகி, வழக்கு ஒரு சொற்பொழிவாக நீள்கின்றது. சாவித்திரியின் மன்றத்தில் ஒரு சொல் திரும்பியது. இங்குப் பல சொற்கள் திரண்டு நிற்கின்றன. பிற்காலத் திரை உரையாடலின் பெருவெள்ளத்துக்கு இங்கே ஊற்றுக்கண் உண்டு என்பதால் வரலாற்றில் இக்காட்சிக்கு இடம் பெரிது. நாடகமாக நோக்கின், இளங்கோவடிகளின் அடக்கமே எமக்கு உயர்ந்ததாகப் படுகின்றது. அரிய படம் ஆயிற்றே என்று இதனை மறைத்தல் நேர்மையாகாது.

இவற்றை ஆராய விரும்பும் முதுகலை மாணவர் ஒரு பணியை முதலில் மேற்கொள்ளுதல் நன்று. கையில் கிடைக்கும் படத்தின் உரையாடலைக் கேட்டு எழுதுதல் வேண்டும். படிகள் பழுதுற்றவை, சுருள் இடையிடையே அறுந்து ஒட்டப்பட்டவை, ஒலி தேய்ந்த இடங்கள் பல. கேளாத சொல்லை ஊகித்து நிரப்பாமல், சுவடிப் பதிப்பாசிரியர் சிதைந்த இடத்துக்குப் புள்ளியிட்டுக் காட்டுவதுபோலக் காட்டுக. பாட்டுப் புத்தகத்தில் உள்ள பாடல் படத்தில் இல்லையாயின் அது சுருளில் விடுபட்டதா, எடுத்தபின் நீக்கப்பட்டதா, அச்சிட்டபின் எடுக்கப்படாமலே போயிற்றா என்று பார்க்க வேண்டும். ‘சபாபதி’ இப்பணியைத் தொடங்குதற்கு ஏற்றது. அதன் மூல நாடகம் அச்சில் உள்ளது, படமும் கிடைக்கின்றது. நாடக நூலை ஒருபக்கம் விரித்துவைத்து, வகுப்பறைக் காட்சியில் சாரங்கபாணி நூலுக்குப் புறம்பாகத் தாமே சேர்த்துப் பேசும் சொற்களை மட்டும் எவரேனும் தனியே தொகுத்துத் தருவராயின், மேடையிலிருந்து திரைக்கு வந்த நடிகர் தமிழ் இத்தகையது என்று சுட்டிக்காட்ட நமக்கு முதன்முறையாக ஓர் ஏடு கிடைக்கும்.